மேசையின் அடிப்பக்கம்

"சும்மா கொடுக்கேன். வேண்டாங்காங்க. இது என்ன நியாயம், டீச்சர்?"

கேட்டவர் கோமதிநாயகம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் உப்பளத் தொழிலாளர் படிப்பகத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்பார். சீடன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டார். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

டீச்சர் என்பவர் சந்தனமாரி. சீடரை விட வயதில் மிகவும் இளையவர். உப்பு வாரிய ஒருத்தியின் மகள். குரு என்று யாராவது அழைத்தால் எழுந்து போய்விடுவார்.

"எதைக் கொடுக்கிய, அண்ணாச்சி?"

"மேசை. எங்க தாத்தா மேசை. அசல் தேக்கு."

அந்த மேசையை அந்த ஊரில் அறியாதவர் இல்லை.

கோமதிநாயகத்தின் தாத்தா உப்பளத்து முதலாளி. ஒவ்வொரு தை மாதமும், உப்பு வேலை தொடங்கும் முன், ஆட்கள் அந்த மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளை ஒரு தாளை நீட்டுவார். பெருவிரலை மையில் அமுக்கித் தாளில் வைக்க வேண்டும்.

தாளில் ஒரே ஒரு வரி. எங்களுக்குக் குறை ஏதும் இல்லை.

குடிக்கத் தண்ணீர் இல்லை. பெண்கள் ஒதுங்க ஒரு தட்டி மறைப்பு இல்லை. உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டவர்களுக்கு மறு வருடம் வேலை இல்லை. குறையும் ஏதும் இல்லை.

வரிசையில் நின்ற யாருக்கும் படிக்கத் தெரியாது. தாளில் என்ன இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். விரலை வைக்காதவர் அளத்தில் காலை வைக்க முடியாது.

வைத்த விரலைத் துடைக்கத் துணி தரமாட்டார்கள். அலுவலகச் சுவர் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் பூசியவர் முதுகில் கணக்குப்பிள்ளையின் பிரம்பு விழும்.

பிறகு சங்கம் வந்தது. வேலைநிறுத்தம் வந்தது. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் திரும்பவில்லை. அந்தத் தாள் ஒழிந்தது. அளம் கைமாறியது.

மேசை மட்டும் பேரன் வீட்டில் இருந்தது.

இப்போது படிப்பகத்துக்குப் புதிய அறை ஒன்று கட்டியிருந்தார்கள். உள்ளே போட மேசை இல்லை. கோமதிநாயகம் தன் மேசையைத் தருவதாகச் சொன்னார். சங்கச் செயலாளர் உலகம்மாள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றார். அந்தக் கறுப்பு மேசைக்கு முன்னால் தான் நின்றது போதும், தன் மகள் அதன் முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டாம் என்றார்.

கோமதிநாயகத்துக்கு நெஞ்சு கொதித்தது. தாத்தா செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்று டீச்சரிடம் கேட்டார். மே தின மேடையில் ஏறி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னார். அன்றைக்குக் கை தட்டியவர்கள் இன்றைக்குக் கதவைச் சாத்துகிறார்கள் என்றார். ஒரு மனிதன் திருந்தினால் அதை ஏற்றுக்கொள்ள ஒரு இடமாவது வேண்டாமா என்றார்.

டீச்சர் முழுவதையும் கேட்டார்.

"கறுப்பா இருக்கது மரமா, மேல பூசினதா?"

"பூசினது. வருசா வருசம் பாலிஷ் ஏத்தி ஏத்திக் கறுத்துப் போச்சு. உள்ள மரம் பொன்னு மாதிரி இருக்கும்."

"பூசினதெல்லாம் சுரண்டிட்டா என்ன மிஞ்சும்?"

"மரம்தான்."

"அப்ப மரத்தைக் கொண்டாங்க. மேசை வேண்டாம்."

சீடர் அதை வழி என்று எடுத்துக்கொண்டார். சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

*

தச்சரைக் கூப்பிடவில்லை. தன் கையாலேயே செய்வது என்று முடிவெடுத்தார். கடையில் ரிமூவர், சுரண்டும் தகடு, உப்புத்தாள், சாயம், வார்னிஷ் எல்லாம் வாங்கினார். செல்போனில் வீடியோ பார்த்தார். பின்கட்டுத் தாழ்வாரத்தில் மேசையைப் போட்டு வேலை தொடங்கினார்.

ரிமூவரைத் தடவியதும் பழைய பாலிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தகட்டால் வழித்தார். கறுப்புக் கூழ் வந்தது. அதன் கீழே இன்னொரு அடுக்கு. அதன் கீழே இன்னொன்று.

மரம் தெரிய ஆரம்பித்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. உப்புத்தாளை மர ரேகையின் போக்கில் தேய்த்தால் மெதுவாகத்தான் போகும். குறுக்கே தேய்த்தால் சீக்கிரம். அவர் குறுக்கே தேய்த்தார்.

தேய்த்தபோது மரம் வழவழப்பாகத்தான் இருந்தது. சாயம் பூசியதும் காட்டிக்கொடுத்துவிட்டது. தேய்த்த கோடெல்லாம் சாயத்தைக் குடித்து, மேசை முழுவதும் கறுப்புக் கீறல்களாக எழுந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, நகக்கண் எல்லாம் கறுப்பாக, படிப்பகத்துக்கு வந்தார்.

கடைக்காரன் மட்டமான சாயத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்றார். அந்தக் காலத்து மரம் பிடிவாதம் பிடிக்கிறது என்றார். பிறகு இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார்.

"பாருங்க டீச்சர். இந்தக் கை பேனாவைத் தவிர வேற எதையும் பிடிச்சதில்ல."

உலகம்மாள் பக்கத்திலிருந்த பெண்களிடம் திரும்பினார். "ஏட்டி, அண்ணாச்சி கையில அழுக்குப் பட்டிருக்காம். யாராவது போட்டோ எடுங்க."

பெண்கள் சிரித்தார்கள். கோமதிநாயகத்தின் முகம் சிவந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு சோப்பைக் கொடுத்தார். குழாயைக் காட்டினார். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து நீட்டினார்.

சீடர் கழுவினார். துடைத்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப என்ன செய்ய, டீச்சர்?"

"எனக்கு மர வேலை தெரியாது."

"நீங்கதான கொண்டாங்கன்னு சொன்னிய?"

"கொண்டாந்திட்டியளா?"

அவர் விருட்டென்று வெளியே போனார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். கொடுக்க வந்தவனை இப்படியா நடத்துவது? வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு திமிரா?

அந்த ஊரில் வாங்குகிறவர்கள் அதுவரை திமிராக இருந்ததில்லை. அவருக்கு அது புதிது.

*

ஆனாலும் அவர் விடவில்லை. பூசிய சாயத்தைத் திரும்ப எடுத்தார். இந்த முறை ரேகையின் போக்கில் தேய்த்தார். ஈரத்துணியால் துடைத்துக் கீறல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சாயம் பூசினார். மெல்லிசாக வார்னிஷ் ஏற்றினார், காயவிட்டார், மறுபடி ஏற்றினார்.

மேசை பளபளத்தது. குனிந்தால் முகம் தெரிந்தது. அவர் முகம்தான்.

கால்களுக்குப் பூச மேசையைக் கவிழ்த்தார். அப்போதுதான் அதைப் பார்த்தார்.

மேல் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் அடிப்பக்கம். அங்கே யாரும் எந்தக் காலத்திலும் பாலிஷ் போட்டதில்லை. மூன்று பக்கம் வெறும் மரமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கருநீலமாக ஊறிப்போயிருந்தது.

உப்புத்தாள் போட்டார். போகவில்லை. கறை நீக்கும் பொடியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தார். பக்கத்தின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெளுத்தது. மற்றது அசையவில்லை.

டீச்சரிடம் போனார்.

"டீச்சர், ஒரு கறை போக மாட்டேங்கு."

கீழ்ப்பக்கம்தான், யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்பது தன் கொள்கை என்றார். இன்னும் கடுமையான ஆசிட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

"எந்தப் பக்கம் கறை?"

"அடியில."

"அடியில எந்தப் பக்கம்? டிராயர் இருக்க பக்கமா?"

"இல்ல. எதிர்ப்பக்கம்."

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"வாங்க, பார்ப்போம்."

*

கோமதிநாயகத்தின் வீட்டுக்கு டீச்சர் அதுவரை வந்ததில்லை.

"பின்கட்டுல கிடக்கு. இப்படி வாங்க, சுருக்கு வழி," என்று அவர் வீட்டின் பக்கவாட்டில் இருந்த சந்துப் பக்கம் கையைக் காட்டினார். அந்தச் சந்து வழியாகத்தான் அளத்து ஆட்கள் வருவார்கள். அவர் அதை நினைத்துக் காட்டவில்லை. காட்டியே பழகிய கை.

டீச்சர் முன்வாசலில் ஏறினார். கூடத்தைச் செருப்புக் காலுடன் தாண்டினார். சுவரில் மாலை போட்ட தாத்தா இருந்தார். டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேசை நான்கு காலும் மேலே கிடந்தது.

டீச்சர் தரையில் உட்கார்ந்தார். கருநீலத்தின் ஓரத்தில் தன் பெருவிரலை வைத்தார். எடுத்தார். பக்கத்தில் வைத்தார். எடுத்தார். அப்படியே நகர்ந்து நகர்ந்து போனார். வெளுத்த இடம் வந்ததும் விரல் நின்றது.

"இது?"

"அது மட்டும் போயிட்டு," என்றார் சீடர் பெருமையாக. "ரெண்டு நாள் ஊறப்போட்டேன்."

டீச்சர் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அம்மா," என்றார், "தாள்ல விரல் வச்ச அன்னைக்கும் சுத்தமான விரலோடதான் வீட்டுக்கு வருவா. எங்கே துடைச்சேன்னு கேட்டா சிரிப்பா. சொல்ல மாட்டா."

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது.

"பாத்தியளா டீச்சர்? துணி கொடுக்கலன்னு சும்மா சொல்லுதாங்க. எங்க தாத்தா கொடுத்திருக்காரு."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று சீடர் ஒரு கணம் நினைத்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

"இனிமே ஒரு சொட்டுக்கூட ஊத்தாதிய," என்றார் டீச்சர். "நாளைக்கு மேசையைக் கொண்டாங்க."

"இன்னும் முடியலையே."

"கொண்டாங்க."

வரும்போது ஏறிய முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனார்.

*

மறுநாள் மாலை மேசை வண்டியில் வந்தது. அளத்திலிருந்து திரும்பிய பெண்கள் கால் கழுவாமல் வாசலில் கூடி நின்றார்கள். உலகம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கோமதிநாயகம் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். பெண்களில் ஒருத்தி பளபளப்பைத் தடவிப் பார்த்து நல்லாத்தான் இருக்கு என்றாள். அவர் அதை டீச்சர் கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தார்.

மேசையைப் புது அறையின் நடுவில் வைக்கச் சொன்னார் டீச்சர். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து ஈரம் காய்ந்து கொண்டிருந்தது. டிராயர் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்தார். சீடரை எதிரே நிற்கச் சொன்னார்.

அவர் நின்றார்.

டீச்சர் ஒரு தாளை எடுத்தார். ஒரு வரி எழுதினார். அவர் பக்கம் திருப்பினார்.

எனக்குக் குறை ஏதும் இல்லை.

புத்தகங்களில் முத்திரை குத்துகிற மைப்பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

"விரலை வைங்க, அண்ணாச்சி."

கோமதிநாயகத்துக்கு அந்த வரி தெரியும். தெரிந்ததால்தான் கோபம் வந்தது. இது தன்னை அவமானப்படுத்துகிற வேலை என்றார். தாத்தாவுக்குப் பதிலாகத் தன்னைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்றார். தனக்குக் குறை இல்லையென்று யார் சொன்னது என்றார். இந்த மாதம் முழுவதும் தான் பட்டது குறை இல்லாமல் வேறென்ன? முதுகு போயிற்று, கை போயிற்று. இத்தனைக்கும் ஒருவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

"எனக்கு எவ்வளவோ குறை இருக்கு, டீச்சர். இது பொய்."

"இருக்கட்டும். வைங்க."

"வேணும்னா கையெழுத்துப் போடுதேன்."

"கையெழுத்து நாங்க கேக்கலையே."

"வைக்கலன்னா?"

"மேசை வெளியே போகும். நீங்களும் போவிய."

கோமதிநாயகம் வாசலைப் பார்த்தார். வாசல் நிறையப் பெண்கள். ஒருத்தி முகத்திலும் இரக்கம் இல்லை.

அவர் பெருவிரலை மையில் அமுக்கினார். தாளில் வைத்தார்.

உலகம்மாள் எட்டிப் பார்த்தார். "நல்லா விழுந்திருக்கு. அண்ணாச்சிக்கு ரேகையெல்லாம் பத்திரமா இருக்கு. எங்க விரலை உப்பு தின்னு மழுக்கிப் போட்டுது. ரேகை விழலைன்னு கணக்குப்பிள்ளை திரும்பத் திரும்பப் பிடிச்சு அமுக்குவான்."

டீச்சர் தாளை எடுத்து மடித்தார். மைப்பெட்டியை மூடினார். இரண்டையும் டிராயரில் போட்டுத் தள்ளினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சீடர் விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சன்னல் வழியாகக் குழாயடி ஆணியைப் பார்த்தார். ஆணியில் துண்டு இல்லை.

தன் வேட்டியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். விரல் பக்கத்திலிருந்த சுவரை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது.

"சுவத்துல பட்டுது, தோலை உரிச்சிருவேன்."

சொன்னது உலகம்மாள். ஆனால் அது உலகம்மாளின் குரல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து வந்த ஆண் குரல். செத்துப்போன கணக்குப்பிள்ளையின் குரல்.

வயதான சில பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள்.

கோமதிநாயகத்தின் கை கீழே இறங்கியது. எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. பெருவிரல் மேசை விளிம்புக்கு அடியில் நுழைந்தது. ஒரே இழுப்பு. விரல் சுத்தமாக வெளியே வந்தது.

வந்த பிறகுதான் அவர் அதைப் பார்த்தார்.

மெதுவாக முட்டி போட்டார். தலையைச் சாய்த்து அடியில் எட்டிப் பார்த்தார். அவர் வெளுத்த ஒரு சாண் இடத்தில், ஈரம் காயாமல், ஒரே ஒரு விரலின் மை. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கோடி வரை, மற்றவர்களுடையது.

அவர் எழுந்திருக்கவில்லை.

உலகம்மாளும் குனிந்தார். பார்த்தார். கருநீலத்தின் ஒரு மூலையில் தன் பெருவிரலை ஒருமுறை வைத்து எடுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"மேசை இங்கேயே கிடக்கட்டும்," என்றார். "குப்புறப் போடுங்கடி."

பெண்கள் வந்து ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். மேசை கவிழ்ந்தது. ஒரு மாதம் தேய்த்து மெருகேற்றிய மேல்பக்கம் சிமெண்ட் தரையில் உரசிக்கொண்டு உட்கார்ந்தது.

"பாலிஷ்..." என்று வாயெடுத்த சீடர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்க்கத் தொடங்கினார்கள். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை. அவர் தரையில் அப்படியே இருந்தார்.

"எத்தனை பேரு இருக்கும், டீச்சர்?"

"எந்த இடத்தைக் கேக்கிய, அண்ணாச்சி? கறை இருக்க இடத்துலயா, நீங்க வெளுத்த இடத்துலயா?"